மச்சானின் புகைக் கம்பி

என் பட்டறையின் உள்சுவரில், சுத்தியல்களுக்கும் ஸ்பேனர்களுக்கும் மேலே, தனி ஆணியில் ஒரு கம்பி தொங்குகிறது. முழங்கை நீளம் இருக்கும். சுண்டுவிரல் கனம், உள்ளே வெறும் கூடு. ஒரு முனையில் ஊசி நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளைகள். மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டுவதற்கான மரை. துளைகள் உள்ள முனை கரியேறிக் கறுத்திருக்கும். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே அது, அடுப்பு ஊதற குழலா?" என்று கேட்பார்கள். கார் சைலன்சருக்குள் விட்டுப் புகையை அளக்கிற கம்பி என்று சொன்னால் நம்புவதில்லை. கார் வைத்திருப்பவர்கள்தான் சுத்தமாக நம்புவதில்லை. வருடம் தவறாமல் புகைச் சான்றிதழ் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் பெரிய மனிதர்கள் அவர்கள். அந்தச் சான்றிதழுக்கும் இப்படி ஒரு கம்பிக்கும் சம்பந்தம் உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள்மேல் எனக்குப் பல வருடமாக ஓர் ஏளனம் உண்டு. அதைவிடப் பெரிய ஏளனம் இந்தக் கம்பியின் பழைய சொந்தக்காரன்மேல். அவன் என் மச்சான். என் வீட்டுக்காரியின் தம்பி.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்பு, அதிலும் பாதி. என் அப்பாவும் அம்மாவும் காட்டுப்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல் இருந்த இடத்தில்தான் இன்று எனக்கு இரண்டு ஷெட்டும் ஒரு மாடி வீடும் இருக்கின்றன. யாரும் கைதூக்கி விடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கிரீஸ் துடைக்கிறவனாக நுழைந்து, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினால் வண்டி தெரு முனையிலிருந்தே மெக்கானிக் பெயரைச் சொல்லும் என்ற அளவுக்கு வந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மையாக இருப்பதால் சொல்கிறேன். போரூரிலிருந்து பூந்தமல்லிவரை பழைய பெட்ரோல் கார் வைத்திருந்த எவரும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். எனக்கு மீட்டர் கிடையாது. ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகே பிடித்தால் இன்ஜின் என்னிடம் பேசும். பெட்ரோல் அளவுத் திருகாணியைக் கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே. அவ்வளவுதான். "என் காதுதான் மீட்டர்" என்று டீக்கடையில் நான் சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

மச்சான் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் இருந்து, பேண்ட்டுக்குள் சட்டையைச் செருகத் தெரிந்தவன். என் மாமனார் வீட்டில் அவனுக்குத்தான் முதலில் சோறு போடுவார்கள். அவன் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர், ஒரு புகைச் சோதனை மிஷின் எல்லாம் வைத்து, நசரத்பேட்டையில் பெங்களூர் சாலையோரம் நிறுத்திக்கொண்டான். வேனின் பக்கவாட்டில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருக்கும். அவன் தொழில் செய்கிற விதத்தை ஒரு மதியம் முழுக்க எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். கார் வந்து நிற்கும். இவன் இறங்க மாட்டான். சன்னல் வழியாகக் கேமராவை நீட்டி நம்பர் பிளேட்டைப் படம் பிடிப்பான். உள்ளே பிரிண்டர் சத்தம் கேட்கும். தாளைக் கிழித்து நீட்டுவான். பாதி வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் நிற்கும். அணைத்த இன்ஜினில் ஏது புகை? ஒரு முறை மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். ஊரில் காற்றே கெட்டுப்போய்விட்டது, குழந்தைக்கு இளைப்பு நிற்கவில்லை என்று மச்சானிடம் பத்து நிமிடம் புலம்பினார். புலம்பிவிட்டு, இன்ஜின் ஓடாத காருக்குச் சான்றிதழை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கம்பியை எப்பதான்டா வெளிய எடுப்ப?" என்று கேட்டேன்.

"ஆயுத பூசைக்கு எடுப்பேன் மாமா" என்றான், கூசாமல்.

இப்படிப்பட்டவனிடம் நானே போய் நிற்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு சிவப்புக் கார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிப்போன ஒரு கம்பெனியின் கிடங்கைக் காலி செய்தபோது, தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெள்ளைக்காரன் ஊர் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, தரையோடு படுத்த உடம்பு, இன்ஜினின் விலாவில் ஜோடிக் கார்புரேட்டர். இரும்பு விலைக்கு எடுத்தேன். மூன்று வருடம் அதில் உட்கார்ந்தேன். பிஸ்டன் வளையத்திலிருந்து சீட்டுத் தையல்வரை என் கை படாத இடம் அதில் கிடையாது. முதல் நாள் அதை ஓட்டிக்கொண்டு வானகரம்வரை போய்த் திரும்பியபோது பைபாஸ் பாலத்தடியில் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். பழைய கார் என்பதால் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முதல் தாள் புகைச் சான்றிதழ். அது இல்லையென்றால் என் மூன்று வருட வேலை சாலைக்கு வரக்கூடாத ஓர் இரும்புக் குவியல்.

மச்சான் போனிலேயே முடிக்கப் பார்த்தான். "நம்பர் பிளேட்ட ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு மாமா. இன்னாத்துக்கு வெயில்ல இட்டுகினு வர?" நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தாள் மட்டும் வேண்டியிருக்கவில்லை. நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் முழுப் பரீட்சை எழுதியதில்லை. என் காதுக்கு ஒரு மார்க் போட்டு, அச்சடித்து, முத்திரை குத்தி ஒருவன் தரவேண்டும். என் ஆசை அதுதான். மிஷின் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். படித்தவர்கள் செய்த மிஷின், படிக்காதவன் டியூன் செய்த இன்ஜின்.

போவதற்கு முன் நான்கு நாள் தயார் செய்தேன். புது பிளக், புது எண்ணெய், ஏர் பில்டரைக் கழுவிக் காயவைத்தேன். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சில் இழுக்கிறதா என்று குழாயைக் காதில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் அந்த இன்ஜின் கனத்த குரலில், அவசரமில்லாமல், வயிறு நிறைந்த ஆள் பேசுவதுபோல ஓடியது. அதைவிட நன்றாக ஒரு இன்ஜின் ஓட முடியாது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நசரத்பேட்டையில் வேனருகே நிறுத்தினேன். இன்ஜினை அணைக்காமல், கம்பியை எடுடா என்றேன். மச்சான் சலித்துக்கொண்டு வேனுக்குள் குனிந்து, துணி சுற்றிய கம்பியைத் தேடி எடுத்தான். துணியைப் பிரித்தபோது முனை மஞ்சளாக இருந்தது, நடுவில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும். தொழில் கருவிக்குப் பொட்டு வைத்திருக்கிறானே, இவ்வளவு கெட்டவனிடமும் ஒரு பக்தி இருக்கிறதே என்று எனக்கு ஒரு நிமிடம் மனசு இளகியது. என் பட்டறையிலும் லேத்திலிருந்து ஸ்பேனர்வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கம்பியைச் சைலன்சருக்குள் விட்டான். மிஷின் உறுமியது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுந்து மின்னியது. மச்சான் ஒரு பொத்தானை அழுத்தினான், வரி மறைந்தது. பிறகு புகையில் நச்சு எவ்வளவு என்கிற எண் வந்தது. சைபர், புள்ளி, சைபர், சைபர்.

"மாமா" என்றான், அவனே கொஞ்சம் திகைத்து. "சுத்தமா சைபர் காட்டுது."

எனக்குக் கண் கலங்கியது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறையில் கடவுள் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு வாரம் வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன். புது வண்டிகூட ஏதோ ஒரு புள்ளி காட்டும், என் வண்டி சைபர் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரே ஓர் ஆள் ஆட்டவில்லை. அவரை நாங்கள் போர்மேன் என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் டேங்க் இன்ஜின் பிரிவில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவில் வீடு கட்டியிருந்தார். காலையில் என் பட்டறைப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதும், நான் செய்கிற வேலையில் குறை கண்டுபிடிப்பதும் அவருக்குப் பென்ஷனோடு சேர்ந்து வந்த உரிமை. அவர் சட்டத்தருகே போய், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"என்னவே இது?"

"படிச்சவருதானே, படிங்க."

"படிச்சிட்டேன். அதனாலதான் கேக்கேன். இது இன்ஜினா, மின்விசிறியா? பெட்ரோலக் குடிக்கிற எதுவும் சைபர் விடாது. அதுவும் கார்புரேட்டர் வண்டி. தண்ணிய ஊத்தி ஓட்டுதீரோ?"

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பொறாமை என்றேன் நான். டேங்க் இன்ஜினுக்கு ஆயிரம் பேர், ஆயிரம் மீட்டர். ஒற்றை ஆள் காதால் செய்ததைப் பார்த்து வயிறு எரிகிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. பேப்பரை மடித்தார்.

"சரிவே. எனக்கு வயிறு எரியட்டும். நான் பாக்க இன்னொரு தடவ அளந்து காட்டும். சைபர் வந்தா, இந்தப் பெஞ்சுல உக்காந்து இனி ஒரு குறை சொல்ல மாட்டேன்."

மறுநாளே அவரைச் சிவப்புக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கூரையை மடக்கிவிட்டுத்தான் போனேன். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இன்ஜினைக் கேட்டபடி வந்தார். மச்சான் எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கினான். "இன்னா மாமா, போன வாரம்தான குட்த்தேன்" என்றான். மறுபடியும் துணியைப் பிரித்தான், கம்பியை விட்டான், திரையில் அந்த வரி மின்னியது. அவன் விரல் பொத்தானுக்குப் போனது.

"கைய எடும்" என்றார் போர்மேன். குனிந்து படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்க்கவில்லை. "மூச்சு விட முடியலன்னு மிஷின் சொல்லுது. உள்ள காத்து வரலியாம்."

"அது எப்பவும் அப்டித்தான் சார் சொல்லும்" என்றான் மச்சான். "வாங்குனதுலேர்ந்து சொல்லிக்கினுதான் கீது. அமுக்குனா பூடும்."

நான் கம்பியை உருவி எடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முனை மஞ்சளாகவே இருந்தது. வருடா வருடம் ஆயுத பூசைக்குப் பூசிய சந்தனம், ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, சிமெண்ட் போட்டதுபோலத் துளைகளை அடைத்திருந்தது. ஒரு துளைகூடத் திறந்திருக்கவில்லை. சைலன்சருக்குள் தினமும் போகிற கம்பியாக இருந்தால் ஒரே நாளில் அந்தச் சந்தனம் பொசுங்கிக் கரியாகியிருக்கும். பூசைக்கு மட்டும் வெளியே வந்த கம்பி அது. இதுநாள்வரை அந்த மிஷின் ஒரு வண்டியின் மூச்சைக்கூட மோந்ததில்லை.

மச்சான்மேல் எனக்குப் புதிதாக ஏளனம் எதுவும் வரவில்லை. இடம் இல்லை. வந்ததெல்லாம் என்மேல்தான். வேலை செய்கிற கருவி கறுப்பாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நாற்பது வருடமாகச் சைலன்சரைக் கட்டி அழுதவன் நான். மஞ்சள் கம்பி ஒன்று சைலன்சருக்குள் போய் மஞ்சளாகவே வெளியே வந்ததை ஒரு வாரத்துக்கு முன் இதே கண்ணால் பார்த்துவிட்டு, பக்தி என்று உருகி நின்றிருக்கிறேன். சைபர் வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு மஞ்சள் தெரியவில்லை. நம்பர் பிளேட்டைக் காட்டிவிட்டுத் தாள் வாங்கிப் போகிற பெரிய மனிதர்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்தான். அவர்களுக்குத் தெரியும், தங்கள் தாள் பொய் என்று.

சட்டைக் காலரில் இருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். சந்தனத் தூள் உதிர்ந்தது. "மாமா, வேணாம் மாமா, சாமிக்கு வச்சது" என்றான் மச்சான். நானே கம்பியைச் சைலன்சருக்குள் விட்டேன். இந்த முறை திரையில் வரி வரவில்லை. மிஷினின் உறுமலே மாறியது. எண் ஏறியது. சட்டப்படி நூற்றுக்கு மூன்றுக்குள் நிற்க வேண்டும். அது நான்கைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது. ஏழு புள்ளி எட்டில் நின்றது.

பெங்களூர் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போர்மேன் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மச்சான்தான் பேசினான். நல்ல மனசோடுதான் பேசினான், அதுதான் அவனிடம் எனக்குத் தாங்க முடியாதது. "மாமா, இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? சைபர் தாளு உன் கைல கீது. கம்ப்யூட்டர்ல ஏறிட்ச்சு. ஆபீஸ்ல குட்த்தா பதிவு பண்ணிடுவான். எவன் வந்து கம்பிய மோந்து பாக்கப் போறான்?"

உண்மை. எவனும் பார்க்கப் போவதில்லை. பதிவுக்கு அந்தத் தாள் போதும். ஆனால் நான் வாங்க வந்தது பதிவா? "வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டத்த ஒடைக்கப் போறேன்" என்றேன். "நாளையிலேர்ந்து சாயந்திரம் கடைய மூடிட்டு, மிஷினத் தூக்கிக்கினு என் பட்டறைக்கு வர. வரலைன்னா உங்கக்கா கிட்ட சொல்லிடுவேன்." எந்த அதிகாரிக்கும் பயப்படாத மச்சான் அதற்குப் பயந்தான்.

ஒன்பது நாள் வந்தான். அந்த ஒன்பது நாள் நான் பட்ட அவமானத்தை என் தொழிலில் வேறு எப்போதும் பட்டதில்லை. முதல் நாள் திருகாணியை இறக்கினேன். எண் இறங்கியது, ஆனால் இன்ஜின் திணறி நின்றது. பழையபடி ஏற்றினேன். இனிமையாக ஓடியது, எண் ஏழுக்குப் போனது. காது நல்லது என்று சொல்கிற இடத்தில் மிஷின் மோசம் என்றது. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. நான் கேட்டு மயங்கிய அந்தக் கனத்த குரல், அந்த நிறைந்த வயிறு, அளவுக்கு மேல் பெட்ரோல் குடித்த இன்ஜினின் குரல். நாற்பது வருடமாக ஒவ்வொரு வண்டியையும் அந்தக் குரலுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். மைலேஜ் வரவில்லை என்று கேட்டவர்களிடம், ஆக்சிலேட்டரில் உங்கள் கால் கனம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கால் சரியாகத்தான் இருந்தது. என் காதுதான் கனத்துக் கிடந்தது.

கார்புரேட்டர் இரண்டையும் கழற்றினேன். அடியில் பெட்ரோல் வரும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு, ஜெட். அதற்குள் ஊசி ஏறி இறங்கும். பூதக் கண்ணாடியில் பார்த்தால் துளை வட்டமாக இல்லை. ஊசி பல வருடம் ஒரே பக்கம் உராய்ந்து, முட்டை வடிவமாகிவிட்டிருந்தது. எத்தனை நாசூக்காகத் திருகினாலும் ஓரம் வழியாகப் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். மூன்று வருடம் அந்தக் காரைப் புரட்டியவன் இதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் காதுக்குக் கேட்கவில்லை. புது ஊசி ஜோடி புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தையில் ஒரு மூலைக் கடையில் கிடைத்தது. ஜெட் கிடைக்கவில்லை. பித்தளைக் கம்பியில் நானே கடைந்தேன். பதினோரு துண்டு வீணாகிப் பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் நின்றன. இந்த ஊரில் அந்த அளவு துளையைப் பழைய லேத்தில் போடுகிறவன் இன்னொருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள். போர்மேன் துளை அளக்கும் கருவியால் அளந்து பார்த்தார். இரண்டு தரம் அளந்தார். "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் யாரும் வாங்கியதில்லை.

ஒன்பதாம் நாள் சாயந்திரம் இன்ஜின் ஓடியது. அதன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒல்லியான, வறண்ட, விறைப்பான குரல். என் கை தானாகத் திருகாணிக்குப் போனது. காலைப் பின்னால் வைத்து நகர்ந்துகொண்டேன். மச்சான் கம்பியை விட்டான். அதற்குள் அவனுக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. கம்பியை எவ்வளவு தூரம் உள்ளே விடவேண்டும், எத்தனை நேரம் பொறுக்க வேண்டும் என்று கையேட்டைப் பார்த்துக் கற்றிருந்தான். எண் ஏறியது, ஆடியது, நின்றது. இரண்டு புள்ளி எட்டு.

"பாஸ் மாமா" என்றான் மச்சான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. தன் மிஷின் ஒரு வேலை செய்ததை முதன்முதலாகப் பார்த்தவனின் சந்தோஷம்.

"பார்டர்ல பாஸ்வே" என்றார் போர்மேன். அடுத்த நாள் காலையும் பெஞ்சுக்கு வந்து குறை சொன்னார். அவர் பந்தயத்தில் ஜெயித்தவர், சொல்ல உரிமை உண்டு. இரண்டு புள்ளி எட்டுத் தாளைக் கொடுத்துத்தான் பதிவைப் புதுப்பித்தேன். அதற்குப் பிறகு, பழைய வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுவாருங்கள், டியூனிங்கில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். என் தப்பு என்று முழுசாகச் சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். புது முறை என்றேன். ஆனால் ஒவ்வொரு வண்டியையும் திருத்தினேன். நாற்பது வருடம் பழகிய காதை ஒன்பது நாளில் மாற்றிக்கொண்ட மெக்கானிக் என்னைத் தவிர வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

மச்சான் திருந்தினானா என்று கேட்பீர்கள். மூன்று வாரம் திருந்தினான். வருகிற வண்டிக்கெல்லாம் கம்பியை விட்டான். பத்து வண்டியில் நான்கு தோற்றன. தோற்றவர்கள் அவனைத் திட்டினார்கள். "இன்னா புதுசா பண்ற? காசு வோணும்னா கேளு" என்றார்கள். முந்நூறு அடி தள்ளி இன்னொரு வேன் வந்து நின்றது, அங்கே கேமரா மட்டும். எல்லோரும் அங்கே போனார்கள். மூக்குத் துணிக்காரரும் போயிருப்பார். மச்சான் என் வீட்டுக்கு வந்து, அக்கா போட்ட சோற்றைத் தொடாமல், "என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டியே மாமா" என்றான். மறுநாளிலிருந்து பழையபடி படம் மட்டும். இன்று அவனுக்கு வேன் இல்லை, கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு கடைகள், கழுத்தில் விரல் கனத்தில் சங்கிலி. பழைய மிஷினைக் காயலான் கடைக்குப் போட்டபோது கம்பியை நான் கேட்டு வாங்கினேன். "இத்த வச்சுகினு இன்னா பண்ணப் போற?" என்று சிரித்தான்.

என்ன பண்ணுகிறேன் என்று போன மாதம்கூடப் பார்த்தான். சான்றிதழ் முடிகிற நாளில் வருடாவருடம் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு அவன் கடை வாசலில் நிறுத்துவேன். அவனுடைய புது மிஷினின் கம்பி இன்னும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது, உறைக்கு மேலேயே பொட்டு. நான் என் கம்பியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், அவன் குழாயில் திருகி மாட்டி, நானே சைலன்சருக்குள் விடுவேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். "பெருசு, ஒரு போட்டோவப் புடிச்சுகினு போய்க்கினே இரு" என்று ஒருவன் கத்தினான். கத்தட்டும். அவன் காரின் பின்னால் கரும்புகை சுருண்டுகொண்டிருந்தது, அவன் கையில் இன்னும் அரை நிமிடத்தில் சான்றிதழ் இருக்கும். போர்மேன் இப்போது ஊரில் இல்லை, மகனோடு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். அதனால் எண்ணைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு புள்ளி ஆறு. சாயந்திரம் பதில் வந்தது. "ம்" என்று ஒற்றை எழுத்து.

கம்பியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன். முனைக் கரியை நான் துடைப்பதில்லை. அடுத்த வாரமே ஆயுத பூசை. என் வீட்டுக்காரி சந்தனக் கிண்ணத்தோடு பட்டறை முழுக்கச் சுற்றி, லேத்துக்கு வைத்தாள், ஸ்பேனர்களுக்கு வைத்தாள், சிவப்புக் காரின் நெற்றியில் வைத்தாள். கடைசியில் கம்பியருகே வந்து கையை நீட்டினாள்.

"அதுக்கு வேணாம்" என்றேன்.

"வருசா வருசம் இதே பாட்டு. எல்லாத்துக்கும் வச்சிட்டு இத்த மட்டும் உட்டா நல்லாவா கீது? என் தம்பி குட்த்தது."

"அவன் வச்ச பொட்டு போதும். அத எடுக்கவே ஒரு ஊக்கு வளைஞ்சிபோச்சு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் படித்தவர்களைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை. பிறகு எக்கி நின்று, கம்பியில் விரல் படாமல், அது தொங்குகிற ஆணிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.